உள்நாட்டுப் போரின் பெரிய சண்டைகளும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்களும்

"இலங்கை உள்நாட்டுப் போரில் பெரிய சண்டைகள் என்று எவற்றைச் சொல்லலாம்? எது திருப்புமுனை? மலையகத்தில் சண்டையே நடக்கவில்லை, அது வடக்கு கிழக்கு ஆட்களின் பிரச்சினை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் அப்பாவின் தம்பி 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சி மாவட்டம் தருமபுரத்துக்குப் போனவர். 2009க்குப் பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை." ஹட்டன் பக்கத்திலிருந்து ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். சண்டைகளின் பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் அவருக்கு அது எங்கேயும் கிடைத்துவிடும். சித்தப்பாவின் குடும்பம் எந்தச் சண்டைகளுக்கு நடுவில் வாழ்ந்தது, கடைசியில் எங்கே நின்றிருக்கும் என்பதுதான் அவர் மனதில் உள்ள கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

நான் படை நடத்தியவன் இல்லை. ஊவா மாகாணத்தில் நீண்ட காலம் உயர்தர மாணவர்களுக்கு வரலாறு படிப்பித்தவன். இரு தரப்பும் அந்தந்தக் காலத்தில் வெளியிட்ட அறிக்கைகளையும், ஐ.நா. ஆவணங்களையும் படித்திருக்கிறேன். வன்னியிலிருந்து, அதாவது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்திலிருந்து, திரும்பி வந்த எங்கள் ஆட்களோடு பேசியிருக்கிறேன். ஆகவே எந்த இடம் எந்த நாளில் யார் கைக்குப் போனது என்பதை உறுதியாகச் சொல்லலாம்; அதில் பெரிய சர்ச்சை இல்லை. இறந்தவர்களின் தொகையில்தான் சர்ச்சை. ஒவ்வொரு சண்டைக்கும் பாதுகாப்பு அமைச்சு ஓர் எண் சொன்னது, புலிகள் ஓர் எண் சொன்னார்கள். இரண்டிலும் தங்கள் பக்க இழப்பு குறைவாகவும் எதிர்ப்பக்க இழப்பு கூடுதலாகவும் இருக்கும். அதனால் எண்களைக் குறைவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வரைபடத்தை எடுத்து ஏ9 வீதியைப் பாருங்கள். கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை வழியாக வவுனியாவுக்கு ஏறி, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் தாண்டி, ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணம் போகிற வீதி. நம் மலையடிவாரத்தில் தொடங்குகிற அந்த ஒரே வீதிக்காகத்தான் இந்தப் போரின் பெரிய சண்டைகளில் பாதிக்கு மேல் நடந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தாய்நிலத்தோடு இணைக்கும் ஒடுக்கமான கழுத்து ஆனையிறவு. அதை வைத்திருப்பவர் குடாநாட்டின் கதவை வைத்திருப்பவர். பரந்தனில் இந்த வீதியிலிருந்து கிழக்கே பிரிந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகும் இன்னொரு வீதி இருக்கிறது. தருமபுரம் அந்த வீதியில்தான் இருக்கிறது. உங்கள் சித்தப்பா குடியேறிய இடம் போரின் ஓரத்தில் இருந்த ஊர் இல்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அவர் ஏன் அங்கே போனார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கதை பிறகு பேசப்படும் என்று விடப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பஞ்சம். தோட்டங்கள் அரசுடைமையான காலமும் அதுதான். அப்புறம் 1977 கலவரம், 1981, 1983. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஒரு பகுதி ஆட்கள் லயத்தைப் பூட்டிவிட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனார்கள். காந்தீயம் போன்ற அமைப்புகள் காட்டு நிலங்களில் குடியமர்த்தின. கிளிநொச்சியைச் சுற்றி மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், கிருஷ்ணபுரம், தருமபுரம் போன்ற ஊர்களில் இன்றைக்கும் போய்க் கேட்டால், எங்கள் பூர்வீகம் பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று சொல்லும் குடும்பங்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தியாவுக்குப் போக இருந்தவர்களில் பலரும் இங்கேயே நின்றுவிட்டார்கள், ஏனென்றால் 1984இல் போர் காரணமாகத் தலைமன்னார்-இராமேஸ்வரம் கப்பல் நின்றது. அடி வாங்கி, பாதுகாப்புத் தேடி ஓடிய இடம் பிறகு போரின் மையமானது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

சரி, சண்டைகளுக்கு வருவோம். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட தாக்குதல், அதைத் தொடர்ந்த ஜூலைக் கலவரம், இவற்றோடு போர் முழுமையாகத் தொடங்கியது என்பார்கள். அந்தக் கலவரத்தில் கண்டி, மாத்தளை, பதுளை, நுவரெலியா நகரங்களின் தமிழ்க் கடைகள் எரிந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் சில வருடங்கள் கண்ணிவெடியும் பொலிஸ் நிலையத் தாக்குதலும்தான். பெரிய படை நடவடிக்கை என்று சொல்லத்தக்க முதலாவது 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் நடந்த ஒப்பரேஷன் லிபரேஷன். இராணுவம் வேகமாக முன்னேறியது. ஜூன் 4 இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது, அதன்படி இந்தியப் படை வந்து இறங்கியது. ஒக்டோபரில் புலிகளும் இந்தியப் படையும் மோதிக்கொண்டு, யாழ்ப்பாண நகரத்துக்காக இரண்டு வாரத்துக்கு மேல் தெருத்தெருவாகச் சண்டை நடந்தது. 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியபோது அவர்கள் தரப்பில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள்.

நின்று பார்க்க வேண்டிய முதல் சண்டை 1991 ஆனையிறவு. ஜூலை 10 தொடங்கியது. அதுவரை மறைந்திருந்து தாக்கிய புலிகள், முதல் தடவையாக ஒரு பெரிய தளத்தை நான்கு பக்கமும் சூழ்ந்து, மரபுவழிப் படை மாதிரி நின்று மோதினார்கள். ஆனால் அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பளமும் வெட்டவெளியும்தான். ஒளிய ஒரு பற்றை கிடையாது. அவர்களிடம் கனரக ஆயுதமும் இல்லை. புல்டோசருக்கு இரும்புத் தகடு அடித்துக் கவச வாகனமாக்கிக்கொண்டு வந்தார்கள். ஜூலை 14 அப்படி வந்த ஒன்றின் மேல் கைக்குண்டுகளோடு ஏறி அதை நிறுத்தி இறந்த கோப்ரல் காமினி குலரத்ன, கண்டி மாவட்டம் ஹசலக்கவைச் சேர்ந்தவர். படையினருக்கான மிக உயர்ந்த வீர விருதான பரம வீர விபூஷண முதலில் அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. அந்தப் புல்டோசர் இன்றும் ஆனையிறவு வீதியோரத்தில் நிற்கிறது. தளத்தை மீட்க வெற்றிலைக்கேணிக் கடற்கரையில் படை இறங்கியது. அதை நடத்திய டென்சில் கொப்பேகடுவ கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர். அடுத்த வருடம் ஆகஸ்டில் அராலியில் குண்டுவெடிப்பில் இறந்தார். புலிகள் தரப்பில் 500க்கும் மேற்பட்டோர் இறந்ததை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். முற்றுகை உடைந்தது. ஆனால் ஒரு பெரிய தளத்தை எப்படி விழுத்துவது என்ற பாடத்தை அவர்கள் அங்கே படித்தார்கள். ஒன்பது வருடம் கழித்து அதே இடத்தில் அது தெரிந்தது.

இங்கே ஒரு விஷயம். மலையகம் என்றால் தோட்டத் தமிழர் மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. இராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில்தான் இருக்கிறது. ஹசலக்க, மஹியங்கனை, வெலிமடை, பண்டாரவளைச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வேலை இல்லாத இளைஞர்கள் ஆமியில் சேர்ந்தார்கள். மூடிய சவப்பெட்டி வந்த வீடுகள் நம் தோட்டத்து எல்லைக்கு அடுத்த வீடுகளாக இருந்தன. மலையில் சண்டை இல்லை என்பது உண்மை. மலையில் சாவு வீடு இல்லை என்பது உண்மை இல்லை.

1993 நவம்பரில் பூநகரித் தளத் தாக்குதல் நடந்தது. பல நூறு படையினர் இறந்தார்கள், புலிகளுக்கு டாங்கிகள் கிடைத்தன. 1995 ஒக்டோபரில் இராணுவத்தின் ரிவிரெச நடவடிக்கை தொடங்கி, டிசம்பர் தொடக்கத்தில் யாழ்ப்பாண நகரம் அரசின் கைக்கு வந்தது. படை வரும் முன், ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பிறகு திரும்பினார்கள், மற்றவர்கள் வன்னிக்குள் வந்தார்கள். நம் ஆட்கள் இருந்த ஊர்களில் திடீரென்று சனம் பெருத்தது இந்தக் காலத்தில்தான். பாடசாலை மண்டபம், கோயில் மடம், மரத்தடி என்று எங்கும் இடம்பெயர்ந்தவர்கள்.

1996 ஜூலை 18 புலிகள் முல்லைத்தீவுத் தளத்தைத் தாக்கினார்கள். ஓயாத அலைகள் என்று பெயர் வைத்த முதல் நடவடிக்கை அது. கடல் பக்கமும் காட்டுப் பக்கமும் வழி அடைபட்ட தளம் சில நாட்களில் விழுந்தது. 1,000க்கும் மேற்பட்ட படையினர் இறந்ததில் இரு தரப்புக்கும் சர்ச்சை இல்லை. சரணடைந்தவர்களும் கொல்லப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. அங்கே இரண்டு 122 மில்லிமீற்றர் ஆட்லறிகள் புலிகளின் கையில் விழுந்ததுதான் பின்னால் போரின் முகத்தை மாற்றியது. அதற்குப் பதிலடியாக இராணுவம் ஆனையிறவிலிருந்து தெற்கே இறங்கி, செப்டெம்பரில் கிளிநொச்சி நகரத்தைப் பிடித்தது. நகரத்தைச் சுற்றியிருந்த நம் குடியிருப்புகள் காலியாயின. சனம் அக்கராயன் பக்கமும் தருமபுரம், விசுவமடுப் பக்கமும் சிதறியது. உங்கள் சித்தப்பா தருமபுரத்தில் காணி வைத்திருந்தால், அந்த நேரத்தில் அவர் ஓடியவராக இருந்ததை விட, ஓடி வந்தவர்களுக்கு வளவில் கொட்டில் போட இடம் கொடுத்தவராக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஷெல் விழும் தூரத்தில் முன்னரங்கம் இருந்தாலும், ஊர் புலிகளின் கட்டுப்பாட்டிலேயே இருந்தது.

அடுத்து இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை. 1997 மே 13 தொடங்கியது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியைத் திறந்து, யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி எடுப்பது நோக்கம். ஏறக்குறைய 18 மாதம் இழுபட்டது. இராணுவம் வீதியைப் பிடித்தபடியே நேராக முன்னேறியதால், அடுத்து எங்கே வரும் என்று எதிரிக்குத் தெரிந்திருந்தது. புளியங்குளத்தில் மட்டும் மாதக்கணக்காக நின்றுபோனது. 1998 செப்டெம்பர் இறுதியில் மாங்குளம் பிடிபட்ட அதே நாட்களில், புலிகள் வடக்கே கிளிநொச்சி நகரத்தைத் திரும்பப் பிடித்துவிட்டார்கள். ஒரு முனையில் வீதி நீள, மறுமுனையில் குறைந்தது. அந்த டிசம்பரில் நடவடிக்கை கைவிடப்பட்டது. அடுத்த வருடம் நவம்பர் 2 ஒட்டுசுட்டானில் புலிகள் தொடங்கிய தாக்குதலில், 18 மாதம் இரத்தம் சிந்திப் பிடித்த நிலத்தின் பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள் போனது. நீண்ட ஒடுக்கமான கோட்டைக் காக்கப் போதிய படை இல்லை, பின்வாங்கல் ஓட்டமாக மாறியது. என் கணிப்பில், இராணுவம் இந்தப் போரில் படித்த மிகப் பெரிய பாடம் ஜயசிக்குறுதான். 2008இல் அது எப்படி வேறு மாதிரி வந்தது என்பதைப் பார்க்கும்போது இது விளங்கும்.

இடையில் மலையகத்தில் என்ன நடந்தது? 1998 ஜனவரி 25 கண்டி தலதா மாளிகைக்கு முன்னால் குண்டு லொறி வெடித்தது. சுதந்திரப் பொன்விழாவைக் கண்டியில் நடத்த இருந்த ஏற்பாடு கொழும்புக்கு மாறியது. மறுநாள் புலிகள் தடை செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகு தோட்டங்களில் ரவுண்டப் என்ற சுற்றிவளைப்பு, டவுனில் அடையாள அட்டைச் சோதனை, பஸ்ஸில் இருந்து இறக்கிக் கேள்வி. பெயர் தமிழாக இருந்து, சொந்தக்காரர் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருந்தால் போதும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போகலாம் என்ற நிலை. உங்கள் வீட்டில் "நமக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லிப் பழகியது இந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன். அப்படிச் சொல்வது பிள்ளைகளைக் காப்பாற்றும் வழியாக இருந்தது. வடக்கிலிருந்து வந்த கடிதத்தை எரித்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2000 ஒக்டோபர் 25 பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், பொலிஸ் காவல் இருக்கும்போதே கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. அதைத் தொடர்ந்து மலையக நகரங்களில் கலவரம் மூண்டது. வழக்கில் கடைசியாகத் தண்டிக்கப்பட்டவர்களையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

பின் ஏன் மலையில் போர்முனை திறக்கவில்லை? முதல் காரணம் அரசியல். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமான், தமிழர் கூட்டணியின் கூட்டுத் தலைவர்களில் ஒருவராக இருந்தவர்தான். ஆனால் 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் தனிநாட்டுக் கோரிக்கையில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சேரவில்லை. 1978இல் அவர் அமைச்சரானார். நம் மக்களுக்கு அப்போது முதல் தேவை குடியுரிமையும் சம்பளமும். ஈரோஸ் இயக்கம் மலையக மக்களையும் ஈழத்தவராகக் கருதி இங்கே வேலை செய்தது. ஆனால் அது வேர் பிடிக்கவில்லை. இரண்டாவது காரணம் நிலம். தோட்டங்கள் தனித்தனியாகச் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் கிடக்கின்றன. கடல் இல்லை, பின்வாங்கக் காடு இல்லை, ஆயுதம் வர வழி இல்லை. மலை என்றால் கெரில்லாவுக்கு வசதி என்று பொதுவாகச் சொல்வது இங்கே பொருந்தாது. தேயிலை மலையில் கங்காணி கண்ணுக்குத் தப்பி ஒருவர் ஒரு நாள் ஒளிந்திருப்பதே கஷ்டம்.

2000ஆம் ஆண்டுக்கு வருகிறேன். மார்ச் இறுதியில் புலிகளின் தளபதி பால்ராஜ் தலைமையில் ஒரு படையணி குடாரப்புக் கடற்கரையில் இறங்கி, ஆனையிறவுக்குப் பின்பக்கம், அதாவது யாழ்ப்பாணப் பக்கம், ஏ9 வீதியை அறுத்தது. ஆனையிறவுத் தளத்தின் குடிநீர் இயக்கச்சிக் கிணறுகளிலிருந்துதான் வந்தது. இயக்கச்சி விழுந்ததும் ஆயிரக்கணக்கான படையினர் சித்திரை வெயிலில் தண்ணீர் இல்லாமல் நின்றார்கள். ஏப்ரல் 22 தளம் கைவிடப்பட்டது. 1991இல் முன்பக்கம் முட்டி உடைந்தவர்கள், இம்முறை தண்ணீரையும் வீதியையும் எடுத்துத் தளத்தை எடுத்தார்கள்.

எல்லோரும் இதைத்தான் திருப்புமுனை என்பார்கள். நான் அதற்கு அடுத்து நடந்ததைச் சொல்வேன். மே மாதம் புலிகள் சாவகச்சேரியைத் தாண்டி யாழ்ப்பாண நகரத்தின் வாசலில், அரியாலை வரை வந்தார்கள். அங்கே நின்றார்கள். அவசரமாக வாங்கிய பல்குழல் ரொக்கெட் பீரங்கிகளோடு இராணுவம் பிடித்து நின்றது. புலிகளின் பலம் உச்சத்தில் இருந்தபோது அவர்களால் யாழ்ப்பாணத்தை எடுக்க முடியவில்லை என்றால், அதற்குப் பிறகு எப்போதும் எடுக்க முடியாது. 2006 ஓகஸ்டிலும் முகமாலையில் முயன்றார்கள், முடியவில்லை. இது என் கணிப்பு. வேறு மாதிரி நினைக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. இராணுவமும் 2001 ஏப்ரலில் அக்கினிகீல என்ற பெயரில் முகமாலையிலிருந்து தெற்கே வர முயன்று, சில நாட்களிலேயே பெரும் இழப்போடு திரும்பியது. ஜூலையில் கட்டுநாயக்க விமானத்தளம் தாக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு பொருளாதாரம் முதல் முறையாகச் சுருங்கிய வருடம் அது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்ததற்கு, இருவரும் களைத்துப்போயிருந்தது பெரிய காரணம். அந்த நான்கு வருடம்தான் ஏ9 திறந்திருந்து, பஸ் ஏறிச் சொந்தக்காரரைப் பார்க்க நம் ஆட்கள் கிளிநொச்சிக்குப் போய் வந்த காலம். உங்கள் அப்பாவும் அப்போது தம்பியைப் பார்க்கப் போயிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தது கிழக்கை மட்டும் பாதிக்கவில்லை. ஜயசிக்குறுவை நிறுத்தியதில் பெரும் பங்கு கிழக்கிலிருந்து வந்த படையணிகளுடையது. அந்த ஆட்பலம் போனது. 2006 ஜூலையில் கிழக்கே மாவிலாறு அணைக்கதவைப் புலிகள் மூடியதோடு போர் மீண்டும் வெடித்தது. சம்பூர், வாகரை என்று போய், 2007 ஜூலையில் தொப்பிகலையோடு கிழக்கு முழுவதும் அரசின் கைக்கு வந்தது. அதே வருடம் ஆழ்கடலில் புலிகளின் ஆயுதக் கப்பல்களைக் கடற்படை தேடித் தேடி மூழ்கடித்தது. இந்தக் கடல் சண்டைகள் பட்டியல்களில் கடைசியில்தான் வரும். ஆனால் ஷெல் தீர்ந்தால் ஆட்லறி வெறும் இரும்பு.

2008இல் இராணுவம் ஏ9 வீதியில் வரவில்லை. மேற்கே மன்னார் வயல்வெளியிலிருந்து தொடங்கி, மடு, விடத்தல்தீவு, பூநகரி என்று கரையோரமாக ஏறியது. இன்னொரு படைப்பிரிவு காட்டு வழியாக மல்லாவி, அக்கராயன் பக்கமிருந்து கிளிநொச்சியை நெருங்கியது. சிறு சிறு குழுக்களாகக் காட்டுக்குள் நாட்கணக்கில் இருக்கப் பயிற்சி பெற்றவர்கள். நவம்பர் 15 பூநகரி, 2009 ஜனவரி 2 கிளிநொச்சி, ஒரு வாரத்தில் ஆனையிறவு, ஜனவரி 25 முல்லைத்தீவு. பத்து வருடம் முன்பு வீதிக்காக இறந்த படை, இம்முறை சுற்றி வந்து, வீதி தானாகக் கையில் விழும்படி செய்தது.

இங்கேதான் உங்கள் சித்தப்பாவின் பாதை தொடங்குகிறது. தருமபுரம் ஜனவரி நடுப்பகுதியில் இராணுவத்தின் கைக்கு வந்தது. அதற்கு முன்பே சனம் முல்லைத்தீவு வீதியில் கிழக்கே நகரத் தொடங்கியிருந்தது. டிராக்டரிலும் சைக்கிளிலும் தகரமும் பாத்திரமும் நெல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு விசுவமடு, உடையார்கட்டு. ஜனவரி 21 அரசு உடையார்கட்டு, சுதந்திரபுரம் பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. அதற்குள்ளும் ஷெல் விழுந்ததை ஐ.நா. அதிகாரிகளே நேரில் பார்த்துப் பதிவு செய்தார்கள். பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை தாக்கப்பட்டது. பெப்ரவரி 12 வலயம் கடற்கரைக்கு மாறியது: மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால். ஏப்ரல் முதல் வாரம் ஆனந்தபுரத்தில் புலிகளின் மிச்சமிருந்த முக்கிய தளபதிகளில் பலர் சுற்றிவளைக்கப்பட்டு இறந்தார்கள். படை என்ற அளவில் புலிகள் முடிந்தது அங்கேதான். ஏப்ரல் 20 புதுமாத்தளன் மண் அணை உடைக்கப்பட்டு ஒரு லட்சம் பேர் அளவில் வெளியே வந்தார்கள். மிச்சப் பேர் மே 18 வரை முள்ளிவாய்க்காலில். சனத்தை வெளியே போகவிடாமல் புலிகள் தடுத்ததும், தப்பியவர்களைச் சுட்டதும், வீட்டுக்கொரு பிள்ளை என்று பிடித்துப் போனதும் உண்மை. சனம் நிறைந்த இடமென்று தெரிந்தும் அரச படை ஷெல் அடித்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களை நம்பாதீர்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள்? ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் 40,000 வரை இருக்கலாம் என்றது. அரசு அதை ஏற்கவில்லை, அதைவிட மிகக் குறைந்த எண்ணைச் சொல்கிறது. பல தமிழ் அமைப்புகள் அதைவிட மிக அதிகம் என்கின்றன. வீடு வீடாகப் பெயர் எடுத்து, இரு தரப்பும் ஏற்ற ஒரு கணக்கு இன்னும் இல்லை. இறந்தவர்களில் மலையக வம்சாவளியினர் எத்தனை பேர் என்று சொல்லப்படும் வீதங்களும், புலிப் படையணிகளில் நம் பிள்ளைகள் இத்தனை வீதம் என்ற பேச்சும் அப்படித்தான். கணிசமானோர் இருந்தார்கள் என்பது உறுதி. காணி, சொந்தபந்தம், வெளிநாட்டுக் காசு எதுவும் இல்லாத குடும்பங்களால் பிள்ளையை ஒளித்து வைக்கவோ வெளியே அனுப்பவோ முடியவில்லை. ஆனால் கையில் எண் வைத்துக்கொண்டு பேசுபவர்களிடம், அது எந்தக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கடைசிக் கடிதமோ தொலைபேசி அழைப்போ எந்த மாதம், எந்த ஊரிலிருந்து வந்தது என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஜனவரிக்கு முன் என்றால் தருமபுரம், பெப்ரவரி என்றால் சுதந்திரபுரம் அல்லது தேவிபுரம், அதற்குப் பின் என்றால் கடற்கரை. காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் பெப்ரவரி முதல் மே வரை புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுபோனது. அதில் போனவர்கள் குடும்பத்தை விட்டுப் பிரிந்து வேறு மாவட்டத்தில் தங்கியதும் உண்டு. வெளியே வந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் வைக்கப்பட்டு, பிறகு பழைய ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகவே முதலில் தருமபுரத்துக்கே போங்கள். கிராம அலுவலரிடம் மீள்குடியேற்றப் பதிவில் சித்தப்பாவின் பெயரையும் மனைவி, பிள்ளைகள் பெயரையும் கேளுங்கள். தோட்டத்துப் பெயரும் அங்கே எழுதிய பெயரும் எழுத்தில் மாறியிருக்கும், முதலெழுத்தும் மாறியிருக்கும், இரண்டு விதமாகவும் பார்க்கச் சொல்லுங்கள். காணிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் திரும்பிப் போனபோது வேறு இடத்தில் குடியமர்த்தப்பட்டதும் நடந்தது. அதனால் பக்கத்து விசுவமடுவிலும் கிளிநொச்சியைச் சுற்றிய நம் ஊர்களிலும் கோயில் பரிபாலனக்காரர்களையும் பழைய பாடசாலை ஆசிரியர்களையும் விசாரியுங்கள்; எந்தத் தோட்டத்திலிருந்து யார் வந்தார் என்று அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். அங்கேயும் கிடைக்காவிட்டால் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடுதல் பிரிவிலும், 2016 சட்டத்தின்படி அமைந்த காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் விண்ணப்பம் கொடுக்கலாம். அந்த அலுவலகத்தின் மேல் பல குடும்பங்களுக்கு நம்பிக்கை இல்லை, அவர்கள் வருடக்கணக்காக வீதியில் போராடுகிறார்கள். அப்படியிருந்தும் ஒரு விண்ணப்பம் பதிவில் இருப்பது நல்லது. அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், பழைய தோட்டப் பதிவு, சித்தப்பாவின் படம் ஒன்று, இவற்றின் பிரதிகளைக் கையில் கொண்டுபோங்கள்.